மீன் பிஸ்கட்டுக்குச் சிவப்புச் சாயம்

பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டவளில்லை நான். ஆனாலும் கல்கத்தாவில், பவானிபூர் வாடகை வீட்டில், ஒரு தட்டு நிறைய மீன் சுட்டேன். பதறாதீர்கள், மைதாவும் நெய்யும் சர்க்கரையும் போட்டுச் செய்த பிஸ்கட் மீன்கள்தான்.

"ஏண்டி, நம்மாத்துலயா மீன் சுடறே?" என்று ஆபீஸ் கிளம்பும்போது என் அகத்துக்காரர் கேலி செய்தார்.

"ஆமாம், சாயங்காலம் குழம்பும் வைக்கறேன். சீக்கிரம் வந்து சேருங்கோ" என்றேன்.

எல்லாம் பௌதிக்காகத்தான். மாடியில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரரின் மூத்த மருமகள் அவள். பௌதி என்றால் அண்ணி. நான் கல்கத்தா வந்த முதல் மழைக்காலத்தில் விஷ ஜுரத்தில் விழுந்தேன். பாஷை தெரியாது, பக்கத்தில் மனுஷாளும் கிடையாது. பௌதிதான் பார்லிக் கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். சிக்குப் பிடித்த என் தலைமயிரைக் கத்தரிக்க விடாமல், பொறுமையாகப் பிரித்துப் பின்னிவிட்டாள். இந்த உயிர் அவள் போட்ட பிச்சை. யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அவள் கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் வீடு ஹவுராவில். மஞ்சள் பூசும் நாளன்று பிள்ளை வீட்டிலிருந்து சீர்த்தட்டுகள் போகும். புடவை, இனிப்பு, மஞ்சள், கூடவே நெற்றியில் சிவப்பு வைத்து மணப்பெண் மாதிரி அலங்கரித்த பெரிய மீன். ஒவ்வொரு தட்டையும் சம்பந்திகள் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள்.

அகத்துக்காரரின் ஆபீஸ் துரை வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வண்ணம் தீட்டிய பிஸ்கட்டுகள் வந்திருந்தன. முட்டை சேர்த்ததென்று நானும் தொடவில்லை; மீன் தின்றாலும் கோழி முட்டை ஆகாத வீடென்று பௌதியும் தொடவில்லை. ஆனால் அவள் கண் அதைவிட்டு நகரவில்லை. "முட்டை இல்லாமல் மீன் மீனாகச் செய்து வண்ணமும் தீட்டித் தருகிறேன், சீர்த்தட்டில் வை" என்று சொல்லிவிட்டேன்.

நான் மாசிமா என்று கூப்பிடும் அவள் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "மதராஸிப் பெண்ணுக்கு மீனைப்பற்றி என்ன தெரியும்? அசிங்கமாக வந்தால் சம்பந்தி வீட்டில் யாருக்குத் தலைகுனிவு?"

"எனக்கு. நான் பொறுப்பு மா" என்றாள் பௌதி.

சுவரிலிருந்த மச்சாவதாரப் படத்தைப் பார்த்து மாவை மீன் மீனாக வெட்டினேன். இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, மூடியின் மேலும் தணல் போட்டுச் சுட்டேன். சர்க்கரைப் பொடியை எலுமிச்சம்பழச் சாற்றில் குழைத்து வெள்ளையாகப் பூசினேன். செதிலுக்குக் குங்குமப்பூப் பால், துடுப்புக்குக் கீரைச் சாறு. நெற்றிச் சிவப்புக்கு? நம் வீடுகளில் தெரிந்த சிவப்பு ஆரத்திச் சிவப்புதானே! வீட்டில் மிச்சமிருந்த துளி சுண்ணாம்பை மஞ்சளில் கரைத்தேன். ரத்தமாகச் சிவந்தது. ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றித் தீட்டினேன்.

மூன்றாவது மீனுக்குப் போவதற்குள் முதல் மீனின் நெற்றி மஞ்சளாகிவிட்டது. அடி பைத்தியமே, அடியில் எலுமிச்சம்பழம் இருக்கிறதே! ஆரத்தி கரைத்தே பழகின கைக்கு அது தோன்றவில்லை. புளிப்புப் பட்டதும் சிவப்பு செத்துப் போயிற்று.

அதற்குள் தட்டுத் தூக்குகிறவர்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். மாசிமாவும் இறங்கி வந்தார். "நெற்றியில் சிவப்பில்லாத மீனா? அமங்கலம்! என் சிந்தூரச் செப்பைக் கொண்டு வா" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ! தட்டின் மேல் கையை விரித்துக்கொண்டு, "கூடாது! குழந்தைகள் தின்னும். சிந்தூரம் வயிற்றுக்குள் போகிற வஸ்துவா?" என்று பாதி வங்காளியிலும் பாதி தமிழிலும் கத்தினேன். மாசிமாவை எதிர்த்து அந்த வீட்டில் யாரும் பேசினதில்லை. பௌதியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வந்து என்னை ஒட்டி நின்றாள்.

"அவள் சொல்வது சரி மா. இந்தத் தட்டு போக வேண்டாம். கெட்ட பேர் என்னோடு போகட்டும்."

எனக்காக இவள் தலைகுனிவதா? அப்போதுதான் என் மூளை விழித்தது. மாசிமா கன்னத்தில் வெற்றிலையை அதக்கியிருந்தார். "மாசிமா, கொஞ்சம் சுண்ணாம்பு கொடுங்கள். புளிப்பு கெடுத்ததைச் சுண்ணாம்பு சரிக்கட்டும்" என்று கெஞ்சினேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, விரல் நுனியில் துளி எடுத்து, ஒரு மீனின் நெற்றியில் தாமே இழுத்தார். அந்த மஞ்சள் கோடு அவர் விரலடியிலேயே சிவந்தது. "ஓ மா!" என்றார் சின்னப் பெண் மாதிரி. அப்புறம் யாரையும் தொட விடவில்லை. எல்லா மீனுக்கும் அவரே வைத்தார்.

தட்டைத் தூக்கும்போது, கூடப் போகிற மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டார்: "இது யார் கைவேலை என்று கேட்டால் என்ன சொல்ல?"

மாசிமா விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நம் வீட்டுப் பெண் செய்தாள் என்று சொல். வாய்தான் கொஞ்சம் நீளம், அதையும் சொல்லிவை."

பௌதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், ஓவென்று அழுதேன்.