பிரெஞ்சு ஓவியருக்கு விட்ட இடம்

படம் பிரசுரிக்க அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்துக்கு இருபது வேலை நாட்களுக்குள் பதில் தரப்படும். லண்டனில் உள்ள ஒரு பெரிய நூலகத்தின் விதி இது. நான் உள்ளூராட்சிக் கவுன்சிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்படியான விதிகளை எழுதுபவர்களோடு தேநீர் குடித்திருக்கிறேன். ஆகவே அவற்றை நம்பும் வழக்கம் எனக்கில்லை. என் தங்கையின் கணவர் நம்பினார்.

அவர் லண்டன் நோர்பரியில் வேதியியல் ஆசிரியராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு, புத்தகங்களுக்குப் படம் வரைந்த ஆரம்பகாலப் பிரெஞ்சு ஓவியர் ஒருவரைப் பற்றிச் சிறு நூல் எழுதினார். அந்த ஓவியர் பிறந்த ஆண்டு தெரியாது, முகமும் தெரியாது. தீப்பெட்டி அளவு மரக்கட்டைக்குள் ஒரு போர்க்களத்தையே அடக்கியவர். படங்களில் பெயர் போட்டதில்லை. அது பிற நாட்டு அச்சகங்களுக்கு வசதியாகப் போயிற்று. ஆளாளுக்கு அவற்றைப் பார்த்துத் தங்கள் கட்டையில் வெட்டி அச்சடித்தார்கள். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. நூலின் மிக நீண்ட அத்தியாயம் அந்தக் களவைப் பற்றியது.

நூலுக்கு அந்த ஓவியரின் ஒரே ஒரு படம் தேவைப்பட்டது; அது இருந்தது அந்த லண்டன் நூலகத்தில். அதற்குள் அவருக்குக் கணையத்தில் புற்று என்றார்கள். புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதே அவருக்கு மிஞ்சிய ஆசை.

"அண்ணை, அவையின்ரை வெப்சைட்டிலை படம் கிடக்குதுதானே. எடுத்துப் போட்டா ஆருக்குத் தெரியும்?" என்று தங்கை என்னிடம் கேட்டாள்.

கட்டிலில் கிடந்தவர் பதில் சொன்னார்: "களவெடுக்க ஏலாது. அந்த மனுசனிட்டை இதுவரை ஒருத்தனும் கேக்கேல்லை. நானாவது கேட்டுப் போடுறன்."

"அவர் செத்து நானூறு வருசத்துக்கு மேலை. நீங்கள் கேக்கிறது லைப்ரரியிட்டை" என்றாள் தங்கை.

"சாவி இப்ப அவையளிட்டைத்தானே இருக்கு."

விண்ணப்பத்தை அவர் பெயரில் நான் அனுப்பினேன். இருபது நாள் கெடு கழிந்தது. நினைவூட்டல் அனுப்பினேன், பிறகு முதற்கட்ட முறைப்பாடு, இரண்டாம் கட்ட முறைப்பாடு. மருத்துவரின் கடிதத்தையும் இணைத்தேன். 'உங்கள் விண்ணப்பம் எங்களுக்கு முக்கியமானது' என்று ஓர் இயந்திரம் ஒவ்வொரு முறையும் சொன்னது. எனக்குப் பழக்கமான வசனம். எங்கள் அலுவலகத்தில் திறக்காத கோப்புகளுக்குத்தான் அதை அனுப்புவோம்.

"மச்சான், வந்திட்டுதே?" என்று என்னைக் கண்டதும் கேட்பார். கடைசிக் கிழமை வாயால் கேட்கவில்லை. கண்ணைத் திருப்பி என் போனைப் பார்த்தார். அந்தக் கிழமையே போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில், இறந்தவர் நினைவாகக் கல்வெட்டு என்றொரு சிறு புத்தகம் கொடுப்பது எங்கள் வழக்கம். தேவாரம், வம்சாவளி, நன்றியுரை எல்லாம் அதில் இருக்கும். தங்கை அதற்குப் பதிலாக அவருடைய நூலையே அடிக்கச் சொன்னாள். படம் வரவேண்டிய பக்கத்தில் அவர் ஒரு வெறும் பெட்டி மட்டும் போட்டு விட்டிருந்தார்.

"அக்கா, இந்த வெறும் பெட்டிக்குள்ளை அத்தானின்ரை போட்டோவைப் போடட்டே?" என்றார் அச்சகக்காரர்.

"வேண்டாம். அவர் விட்ட மாதிரியே விடுங்கோ."

மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டே பெரியவர் ஒருவர் அந்தப் பக்கத்தை விரித்தார். "என்ன பிள்ளை, மெசினிலை மை முடிஞ்சு போச்சோ?" பந்தி முழுதும் சிரித்தது. தங்கை அவருக்குப் பாயாசம் விட்டாள்.

அப்போதுதான் என் போனுக்கு நூலகத்தின் பதில் வந்தது. படம் மிகப் பழையது, உரிமை எவருக்கும் இல்லை, அனுமதியே தேவையில்லை, நூலாசிரியருக்கு எங்கள் வாழ்த்துகள். மேலே இருந்த திகதியைப் பார்த்தேன். கல்வெட்டாகக் கொடுத்த அவர் நூலின் அட்டையில் அந்தியேட்டி நாளென்று அச்சடித்திருந்ததும் அதே திகதி.