ஜெகபர் சாதிக் சொன்ன பொய்

உத்திரமேரூரில் வந்தவாசி ரோட்டோரம் வண்டிக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜெகபர் சாதிக்கைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவர் வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கை தங்கமான கை. லாரியோ காரோ, அவர் ஒட்டிய கண்ணாடியில் மழைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இறங்கியதாக யாரும் சொன்னதில்லை. ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா!

ஆசை ஆசையாகப் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, பொட்டு வைத்து, மாலை போட்டு அவரிடம் காட்ட வந்தான் ஒருவன். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கவுந்த வண்டிடா இது. கூரைய மாத்தி வித்துட்டான். நல்லா ஏமாந்துக்கினு வந்து நிக்கறே," என்றார். அவன் முகம் செத்துப்போனது. சொந்தத் தம்பி வஹாப் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ ஒப்புக்கு, "பிரியாணி எப்டி பாய்?" என்று கேட்டதற்கு, "அரிசி கொழஞ்சிடுச்சு, கறி வேகல," என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னவர். தம்பி அடுத்த பெருநாளுக்கு இந்தப் பக்கமே வரவில்லை. "ஒங்க வாய்க்கு ஒரு கண்ணாடிய வச்சு ஒட்டிடணும்," என்பாள் அவர் மனைவி வகிதா. "பொய் சொல்லணுமா பின்ன?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. அவர் மகள் ஃபர்ஹானாவுக்குச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சில தடவை வலிப்பு வந்தது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபின் வரவேயில்லை. போன வருஷம் வாலாஜாபாத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. பூ வைக்கிற நேரத்தில் இவர் எழுந்து நின்று வலிப்புக் கதையை ஒன்று விடாமல் சொன்னார். வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார்கள், அதற்குப்பின் ஒரு போன்கூட இல்லை. சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெற்ற பெண்ணிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இல்லையா? அன்றைக்கு நின்றது, ஃபர்ஹானா அவரை 'அத்தா' என்று கூப்பிடுவது. வேளாவேளைக்குச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பாள். வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்த மனிதரின் கடைக்குத்தான் ஒரு காலை இந்திராணி வந்தாள். மானாம்பதியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. வெயிலில் நின்றவளை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார் சாதிக்.

"எம்புள்ள பாஸ்கரு உங்களுக்கு போன் பண்ணியிருப்பான் பாய். பெரிய வண்டி. பின்னாடி சின்னக் கண்ணாடி ஒடஞ்சு கீது."

"ஆமாம்மா. மெட்ராஸ்ல சொல்லிக் கண்ணாடி வந்துடுச்சு. நாளைக்கு எடுத்தாரச் சொல்லியிருக்கேன்."

"அத்த அவன்தான் ஒடச்சான்," என்றாள் அவள்.

பிறகு முந்தானையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். வாடகைக்கு ஓடுகிற வண்டி அது. அவள் புருஷன் தேவராஜனைக் காஞ்சிபுரத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு மகன் திரும்பி வந்துகொண்டிருந்தான். பெருநகரில் மருந்துக் கடையைப் பார்த்ததும் இறங்கினான். ஏசி ஓடட்டும் என்று வண்டியை அணைக்காமல் சாவியை அதிலேயே விட்டுப் போனான். தனியாக உட்கார்ந்தால் எல்லாக் கதவுப் பூட்டையும் அமுக்கிக்கொள்வது தேவராஜன் வழக்கம். ஒரு தடவை சட்டைப்பையிலிருந்து போனை எவனோ பிடுங்கிக்கொண்டு ஓடியதிலிருந்து அந்தப் பயம். மாத்திரையோடு மகன் திரும்பி வந்தபோது அவர் முன் சீட்டில் சாய்ந்து கிடந்தார். தட்டினான், கத்தினான், அசைவில்லை. கூட்டம் கூடிவிட்டது. ரோட்டோரம் கிடந்த கல்லை எடுத்து, பின்கதவுக்கும் பின்னால் இருக்கிற அந்தத் திறக்காத சின்னக் கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்தான். ஆஸ்பத்திரியில் யாரோ ஒருத்தர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டார். சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"காரியம் முடிஞ்சும் சோறு துன்ன மாட்டேங்கறான் பாய். தட்டுல கைய வச்சிக்கினு அப்டியே குந்திக்கினு கீறான். வண்டியப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறான். முன்கதவுக் கண்ணாடிய ஒடச்சிருந்தா ஒடனே தொறந்திருக்கலாம்னு கூட்டத்துல எவனோ சொல்லியிருக்கான், பாவி. அது அவன் நெஞ்சுல நின்னுக்கிச்சு."

சாதிக் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அவன் செஞ்சதுதான் சரின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் பாய். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊரே சொல்லுது. உங்க வாயால வந்தா நம்புவான்."

"வண்டி வரட்டும்மா. பாத்துட்டுச் சொல்றேன்."

"பாத்துட்டு வேணாம். பாக்காமயே சொல்லுங்க."

"சரியில்லன்னா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சரியில்லன்னாலும் சொல்லணும். அவரு போயிட்டாரு. இவனும் போயிட்டான்னா நான் யாருக்குப் பொங்கிப் போடறது?"

ஊரெல்லாம் பேசித் தீர்க்கிறவர் தலையைக்கூட ஆட்டாமல் நின்றார். அவள் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது வகிதாவிடம் சொன்னார். சோறு இறங்கவில்லை என்பது சொல்லாமலே தெரிந்தது.

"சொல்லிட்டுப் போங்களேன். அதுக்கு இன்னா இப்போ இவ்ளோ பேஜாரு?" என்றாள் வகிதா.

"நாளைக்கு அவனுக்கு உண்மை தெரிஞ்சா?"

அடுப்படியிலிருந்து ஃபர்ஹானாவின் குரல் வந்தது. அவரைப் பார்த்துச் சொன்னதா, அடுப்பைப் பார்த்துச் சொன்னதா தெரியாது.

"அந்தம்மாவாவது வந்து கேட்டுச்சு. எனக்கு அப்ப கேக்கத் தெரியல."

ஒரு வருஷமாகக் காத்திருந்த குரல். இப்படியா வர வேண்டும்? சாதிக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் பாஸ்கர் வண்டியைக் கொண்டுவந்தான். மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. உடைந்த இடத்தில் பாலிதீன் ஷீட்டை வைத்து டேப் ஒட்டியிருந்தான். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது. வேறொருத்தனாக இருந்தால் சாதிக் ஒரு பாட்டம் திட்டியிருப்பார். ஊரில் எல்லோரும் செய்கிற தப்பு அது. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டால், சின்னதாக இருக்கிறது, சுலபம் என்று அந்தக் கடைசிக் கண்ணாடியைப் போட்டு உடைப்பார்கள். கதவுக் கண்ணாடி என்றால் போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலை. இது வண்டியின் உடம்போடு பசை போட்டு ஒட்டிய கண்ணாடி. அதைவிடப் பெரிய கஷ்டம், அதற்குள் கையை விட்டால் எந்தக் கதவும் எட்டாது.

அன்றைக்குத் திட்டவில்லை. உள்பக்கத்துப் பேனலைக் கழற்றினார். சீட்டு இடுக்கிலெல்லாம் கல்கண்டு போல் கண்ணாடித் துண்டுகள். வாக்குவம் போட்டு இழுத்தார். வெளியே கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி பெயிண்ட் பெயர்ந்திருந்தது. முதல் அடிகள் தவறியிருக்கின்றன. பழைய பசையில் கண்ணாடி விளிம்பு பல்லாக நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பின்சீட்டின் முதுகில் செருப்புத் தடம், அதற்கு முன்சீட்டிலும் தடம். புகுந்து, ஏறி, குதித்து, விழுந்துதான் அப்பாவிடம் போயிருக்கிறான். எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று சாதிக்குக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முன்கதவுக் கண்ணாடியில் ஒரே அடி. கையை விட்டுக் கொண்டியைத் தூக்கியிருந்தால் தீர்ந்தது. கூட்டத்தில் சொன்னவன் பாவிதான், ஆனால் சொன்னது சரி.

கத்தியால் பழைய பசையைச் சீவினார். பசை பிடிக்கப் பிரைமர் தடவினார். புதுப் பசையைச் சுற்றிலும் ஒரே கோடாக இழுத்தார்.

"நைனா, இந்தப் பக்கம் பிடி," என்றார். பிடிப்புக்கு ரப்பர் சக்ஷன் கப் மாட்டிய கண்ணாடியை இருவரும் தூக்கிப் பொருத்தி, உள்ளங்கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். இருவர் கண்ணும் கண்ணாடியில்தான். முகம் பார்க்கத் தேவையில்லாத அந்த நேரத்தில் சாதிக் ஆரம்பித்தார்.

"இத்த ஒடச்சதுதான் கரெக்ட்டு. தெரிஞ்சிக்கோ. முன் கண்ணாடிய ஒடச்சிருந்தா சில்லு பூரா அவரு மூஞ்சியில கொட்டியிருக்கும். கண்ணு போயிருக்கும். அதுவுமில்லாம முன் கண்ணாடி லேசுல ஒடையாது, கல்லு திரும்பி ஒம்மேலயே வரும். அதுவுமில்லாம உள்ள பூட்டு சிக்கிக்கினா தொறக்கவும் தொறக்காது. நானா இருந்தாலும் இதத்தான் ஒடச்சிருப்பேன்."

பொய் பழகாதவர்களின் லட்சணம் இது. ஒரு காரணம் போதும் என்கிற இடத்தில் மூன்று காரணம் சொல்வார்கள்.

பாஸ்கர் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினான். "என் வண்டி பாய். இது வழியா எதுவும் எட்டாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"பதட்டத்துல அதெல்லாம் எவனுக்குத் தோணும்..."

"தோணுச்சு." அவன் குரல் உயரவில்லை. "மறுநாள் ஒரு முகூர்த்தச் சவாரி பாய். பொண்ணு வூட்டுக்காரங்கள ராஜகுளத்துலேந்து ஏத்திக்கினு போவணும், ஒத்துக்கினு இருந்தேன். முன் கண்ணாடி ஒடஞ்சா வண்டிய எடுக்க முடியாது. பின்னாடின்னா எதாச்சும் ஒட்டிக்கினு ஓட்டிடலாம். அப்பா அங்க சாஞ்சு கெடக்கறாரு. கைல கல்ல வச்சிக்கினு நான் அத்த யோசிச்சேன் பாய். முன்கதவாண்ட நின்னுக்கினு இருந்தவன், நடந்து பின்னால போனேன்."

எது சரியான கண்ணாடி என்பதற்குத்தான் சாதிக் பொய் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். இதற்கு எந்தப் பொய்யும் கிடையாது. உண்மையும் கிடையாது. வண்டி ஓடினால்தான் அடுப்பெரியும் வீட்டில் பிறந்தவனுக்கு அந்த நினைப்பு அவனைக் கேட்டுக்கொண்டா வரும் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லி என்ன ஆகப்போகிறது? அவனுக்கும் அது தெரியும்.

பாஸ்கரின் கண்ணிலிருந்து நீர் வழிந்து மோவாயில் சொட்டியது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கப் போனான்.

"கைய எடுக்காத," என்றார் சாதிக். "நகந்துடும்." ஒரு கையால் கண்ணாடியை அழுத்திக்கொண்டு, மறு கையால் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். மறுபடி வழிந்தது, மறுபடி துடைத்தார். அப்புறம் நான்கு பக்கமும் டேப் ஒட்டினார்.

"நாளைக்கு வரைக்கும் கதவ அடிச்சு சாத்தாத. முன் கண்ணாடிய கொஞ்சம் எறக்கியே வையி. காத்து அமுங்கினா இது பிதுங்கிடும்."

பாஸ்கர் சாவியை வாங்கிக்கொண்டான். வண்டியில் ஏறாமல் நின்றான்.

"எங்கம்மா வந்தாங்களா இங்க?"

சாதிக் கத்தியையும் டேப்பையும் எடுத்து வைக்க ஆரம்பித்தார். சொல்லாததே போதுமாயிருந்தது.

"நீங்க இப்டிப் பேசறவரு இல்லியே, அதான் கேட்டேன். அம்மா போன் பண்ணா, நான் நம்பிட்டேன்னு சொல்லிடுங்க பாய். நானும் வூட்ல போயி துன்றேன். அவங்க பாவம்."

கதவை மெல்ல, ஓசை வராமல் சாத்திக்கொண்டு போனான். வண்டி மறைகிற வரை சாதிக் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. கடையில் வேறு யாரும் இல்லாததால் அழுதார்.

சாயங்காலம் இந்திராணி போன் செய்தாள். "இன்னா சொன்னான் பாய்?"

"நம்பிட்டாம்மா," என்றார். இந்தத் தடவை ஒரே வார்த்தையாகத்தான் வந்தது.

"வந்ததும் சோறு போடுன்னான். இன்னொரு தபாவும் போட்டுக்கினான்," என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவன் நம்பல பாய். பெத்தவ எனக்கு அவன் மூஞ்சி தெரியாதா? எனக்காகத் துன்றான். நானும் நம்பினவ மாதிரி போட்டுக்கினு கீறேன். துன்றானே, அது போதும். நீங்க மட்டும் அவங்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேம்மா," என்றார் ஜெகபர் சாதிக்.