சந்தியோகுமையோரும் தலைமன்னார் பஸ்ஸும்

குதிரைக்குப் புல்லுப் போட்டால் நடக்கும். பிள்ளைக்கு என்ன போட்டால் அதன் முதுகில் இருக்கும் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் பிடிபடாத விசயம்.

மன்னார் கீரிக் கடற்கரையில் சனி, ஞாயிறுகளில் மட்டக்குதிரைச் சவாரி விடுகிறவள் நான். நுவரெலியாவில் இதே தொழில் செய்த என் தம்பி, வெளிநாடு போகும்போது மணி என்ற இந்தக் குதிரையை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஒரு வாய் சோறு தீத்த முற்றமெல்லாம் பிள்ளைக்குப் பின்னால் ஓடியவர்களே, என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

நேர்த்தி

பிலோமினா எங்கள் கோயில் பங்குக்காரி. வயிற்றுப் பிள்ளை தங்காது என்று டொக்டர்மார் கைவிரித்தபோது, பிள்ளை பிழைத்தால் உம்மைப் போலவே வேசம் கட்டிக் குதிரையில் சுற்றுப்பிரகாரம் கொண்டு வருவேன் என்று சந்தியோகுமையோருக்கு நேர்ந்துவிட்டாள். வாளோடு வெள்ளைக் குதிரையில் இருக்கிற புனிதர் அவர். மன்னாரில் குதிரைக்கு எங்கே போவது? பிழைத்து வந்த டில்ஷிக்கு ஐந்து வயதாகியும் நேர்த்தி அப்படியே கிடந்தது. பிள்ளை தும்மினாலும் தாய்க்கு நெஞ்சு இடிக்கும். பாவம், அவள் பயத்தைப் பார்த்து எனக்கே கலக்கமாக இருந்தது.

மணி வந்த கதை கேட்டதும் ஓடிவந்தாள். திருவிழாவுக்குள் பிள்ளையைக் குதிரையில் பழக்கித் தரவேண்டுமாம். "அடியே, பெட்டைப் பிள்ளைக்கோ மீசை வைக்கப்போறாய்?" என்று கேட்டேன்.

"பிள்ளை எண்டுதான் நேர்ந்தனான் அக்கா, பெடியன் எண்டு சொல்லேல்லையே."

காது

முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்தார்கள். மணியைக் குளிப்பாட்டி, பிடரியை இழுத்து வாரி, கல்யாணப் பொம்பிளை மாதிரி நிறுத்தி வைத்திருந்தேன். டில்ஷி சுற்றிவந்து பார்த்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு குறை இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து றோட்டில் படுத்துக் கிடக்கிற கழுதைகளைத்தான் கண்டு வளர்கிறார்கள். மணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அன்ரி, எங்கட ஒழுங்கைக் கழுதைக்குக் காது பெரிசு. அதுதான் வடிவு."

கரட்

அடுத்த கிழமை கரட்டைக் கொடுத்து, மணிக்குத் தீத்தச் சொல்லி ஆசை மூட்டினேன். தீத்தினாள். இன்னொன்று கேட்டாள், அதையும் தீத்தினாள். என் சமையலுக்கு வைத்திருந்ததும் போனது. மணிக்கு நல்ல காலம், எனக்குக் கறியில்லை. "இனி ஏறுவமா, குஞ்சு?" என்றேன். தாய் பக்கத்தில் நின்று செபமாலை உருட்டுகிறாள். இவள் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு செருப்பைப் போட்டாள்.

"அது சாப்பிட்டு முடிஞ்சுது அம்மா, நாங்கள் வீட்ட போவம்."

பஸ்

பிறகு ஒருநாள் அலுத்துப்போய், "ஏறாட்டி விடு, இது தலைமன்னார் பஸ், ஆக்கள் நிறைஞ்சிட்டினம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பெட்டையின் கண் விரிந்தது. ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "றைற், போகலாம்!" என்று அவள் சொன்னால் மணி நடக்கவேண்டும், "இறக்கம்!" என்றால் நிற்கவேண்டும். கடற்கரையில் தோணிக்குத் தோணி ஒரு தரிப்பு. ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்து. கடைசியில் மணி என் சொல் கேட்பதையே விட்டுவிட்டது. அவள் குரல் வந்தால்தான் கால் தூக்கும். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த என் புருசன் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"குதிரையைப் பழக்கினது ஆர், நீயோ அவளோ?"

பவுடர்

திருவிழாவுக்கு முதல்நாள் கோயில் மூப்பர் வந்தார். பூசை, செபமெல்லாம் பார்க்கிற பொறுப்பான மனிசன். மணியைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது. புனிதரின் சுருவச் சிலையில் இருப்பது வெள்ளைக் குதிரை, என்னுடையது நல்ல மண்ணிறம். குழந்தைப் பவுடரைப் பேணி பேணியாய்க் கொட்டித் தேய்த்தோம். மணி தும்மின தும்மலில் பாதி மூப்பரின் வேட்டிக்குப் போனது. முதுகு மட்டும் ஒருமாதிரி வெளுத்தது, வயிறு பழையபடியே கிடந்தது. நான் தயங்கினேன், மூப்பர் தயங்கவில்லை.

"பரவாயில்லை தங்கச்சி, புனிதர் மேலயிருந்துதானே பார்க்கிறார்."

சுற்றுப்பிரகாரம்

திருவிழாப் பூசை முடிந்தது. டில்ஷி மீசையோடு, மட்டை வாளோடு மணியில் இருந்தாள். "நீ இப்ப சந்தியோகுமையோர், வாயே திறக்கக்கூடாது" என்று மூப்பர் எச்சரித்திருந்தார். பாண்ட் முழங்கியது, கொடி நகர்ந்தது, மணி நகரவில்லை. இழுத்தேன், தள்ளினேன், காதுக்குள் "றைற்" என்றுகூடச் சொன்னேன். ம்ஹூம். பின்னால் ஊரே முட்டிக்கொண்டு நிற்கிறது. "என்ர நேர்த்தியைப் புனிதர் ஏற்கமாட்டாராம்" என்று பிலோமினா விம்மத் தொடங்கிவிட்டாள். என் விளையாட்டால் அல்லவா அந்தத் தாய் அழுகிறாள்!

"மூப்பர், பிள்ளையைக் கதைக்க விடுங்கோ" என்று கெஞ்சினேன். விசயத்தைச் சொன்னதும், "சந்தியோகுமையோர் என்ன பஸ் கொண்டக்டரோ?" என்று சீறினார். பிறகு தாயின் முகத்தைப் பார்த்தார். மெல்லக் குனிந்து, "சொல்லு பிள்ளை, ஆனா மெதுவா" என்றார்.

மெதுவாவா? "பேசாலை, தலைமன்னார், ஏறுங்கோ ஏறுங்கோ! றைற், போகலாம்!" பாண்ட்காரரே வாத்தியத்தை நிறுத்திவிட்டார்கள். மணி ராசநடை நடந்தது. சுற்றி வந்து கோயில் வாசலில் "இறக்கம்!" என்றாள், ஆணி அடித்தது போல நின்றது. பிலோமினா பிள்ளையை இறக்கிக் கட்டிப்பிடித்து, மீசையோடு சேர்த்துக் கொஞ்சிக் கொஞ்சி அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. தாயின் தோளுக்கு மேலால் டில்ஷி என்னை எட்டிப் பார்த்தாள்.

"அன்ரி, வாற ஞாயிறு பஸ் எத்தினை மணிக்கு?"

தாயின் நேர்த்தி அன்றோடு முடிந்தது. விடிந்தும் விடியாமலும் என் வீட்டு வாசலில் நின்று "தலைமன்னார், தலைமன்னார்" என்று கத்துகிற பிள்ளையோடு என் நேர்த்திதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.