முழுவதும் குடித்தான்

சட்டை தைக்கும் ஆலையில், செக்கிங் பிரிவில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ஒரே மேசை. சட்டை கைக்கு வந்ததும் காலர், கைப்பட்டி, பொத்தான், ஓரத்தையல் என்று விரல்கள் தாமாக ஓடும். நூல் பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"இவகிட்ட கடவுளே சட்டை தைச்சுக் குடுத்தாலும் ரெண்டு ஸ்டிக்கரோடதான் திரும்பிப் போவும்" என்று தையல்காரிகள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் அவள் எழுதும் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது.

அவள் ஸ்டிக்கர் ஒட்டாத ஒரே ஆள் தம்பி. பெற்றவர்கள் போன பிறகு அவளே வளர்த்த பிள்ளை. மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் அவனுக்கு வேலை. எரிந்துபோன கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுச் செப்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்ற வேண்டும். அவன் கட்டிய மோட்டார் பட்டறைக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஓடுகிற மோட்டாரின் மேல் கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பேரிங் இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்பான். சரியாக இரண்டு மாதம் தாங்கும். "எங்க தம்பி காது இருக்கே..." என்று அக்கா ஆரம்பித்தால், பஸ் வரும்வரை பக்கத்தில் நிற்பவருக்குத் தப்பிக்க வழியில்லை.

அந்தக் காதுக்கு இருபத்தாறாவது வயதில் வேறு குரல்கள் கேட்க ஆரம்பித்தன.

முதலில், பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். அக்கா சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். டி.வி. சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்தான்.

"இதுல என்னமோ கலந்திருக்குக்கா."

"உப்புதான்டா கலந்திருக்கேன். அதுவும் கம்மி. பேசாம சாப்பிடு."

அவன் சிரிக்கவில்லை. மூன்று நாள் கழித்து, கடையில் வாங்கிய பிஸ்கட்டைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டபோது, ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். "இது மனச்சிதைவு. சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு வியாதிம்மா. உங்க வளர்ப்புல தப்பில்ல. அவருக்குக் கேக்குற குரல் அவரைப் பொறுத்தவரை நிஜம். இல்லவே இல்லன்னு சண்டை போடாதீங்க. ஆமா இருக்குன்னும் சொல்லாதீங்க. பயமா இருக்கான்னு மட்டும் கேளுங்க. மாத்திரையால ஏதாவது தொந்தரவுன்னா உடனே வந்து சொல்லணும்."

அக்கா ஒவ்வொரு சொல்லையும் தலையாட்டிக் கேட்டாள். கடைசிச் சொல்லை மட்டும் எங்கேயோ தவறவிட்டாள்.

மாத்திரை வேலை செய்தது. நான்கு மாதத்தில் தம்பி பட்டறைக்குத் திரும்பினான். குரல்கள் ஓயவில்லை, தெருக்கோடிக்குப் போய்விட்டன என்றான். ஆனால் ஒரு சாயங்காலம் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டிக் காட்டினான்.

"கை நடுங்குதுக்கா. கம்பி நிக்க மாட்டேங்குது. இன்னிக்கு ரெண்டு தடவ எண்ணிக்கை தப்பிடுச்சு."

"போகப் போகச் சரியாயிடும்டா."

"முதலாளி பாத்துட்டாரு."

"அவரு கெடக்காரு. நீ மாத்திரையப் போடு."

சட்டையில் ஒரு தையல் விலகினால் பொறுக்காதவள், தம்பியின் கை நடுங்கியதற்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டவில்லை. அன்றே மருத்துவரிடம் ஓடியிருந்தால் மருந்தை மாற்றிக் கொடுத்திருப்பார். அது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. மருந்தைக் குறை சொல்லிவிட்டால் மருந்தே நின்றுபோகுமோ என்று பயந்து, வாயை மூடிக்கொண்டாள்.

தம்பி மாத்திரையை நாக்கடியில் வைத்துத் துப்ப ஆரம்பித்தான். குரல்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஆஸ்பத்திரி நடைபாதையில் மகளோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் இவள் காதருகே குனிந்தாள். "பொடி பண்ணிப் பால்ல கலந்துடு. எங்க வீட்ல அப்படித்தான். அதுபாட்டுக்குக் குடிச்சிடும்."

அக்கா கலந்தாள். அரைகுறை வேலை அவளுக்குப் பிடிக்காதே! மாத்திரையைத் தாளுக்கு நடுவில் வைத்து, பூரிக்கட்டையால் நசுக்கி, மெல்லிய துணியில் சலித்து, கசப்பு தெரியாமல் சர்க்கரை கூட்டினாள். ஒருநாள் பால், ஒருநாள் கஞ்சி. எது எப்போது என்று மறந்துவிடக் கூடாதே என்று ஆலையில் செய்வதுபோலக் கோடு போட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி, தையல் டப்பாவில் ஒளித்து வைத்தாள்.

தம்பி தேறினான். மெலிந்த கன்னம் நிறைந்தது. எழுபத்தோரு நாள் அப்படிப் போனது.

எழுபத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் கொடியில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தாள். காயிலின் சுற்று எண்ணிக்கை குறிக்கப் பென்சில் தேடிய தம்பி, தையல் டப்பாவைத் திறந்திருந்தான். குறிப்பேடு அவன் மடியில் இருந்தது. சத்தமாக, நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தான்.

"செவ்வாய். பால். முழுவதும் குடித்தான். சந்தேகம் இல்லை. புதன். கஞ்சி. இரண்டு வாய் மிச்சம். வியாழன். பால். முழுவதும் குடித்தான். சந்தேகம் இல்லை."

"தம்பி..."

அவன் நிமிர்ந்தான். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"அப்போ நான் சொன்னது சரிதானேக்கா? கலக்குறாங்கன்னு சொன்னேன்ல?"

"மருந்துடா. உன் நல்லதுக்குத்தான்டா."

"அது சரியின்னா மத்ததும் சரிதான். சுவத்துக்கு அந்தப் பக்கம் பேசுறது. பட்டறையில எல்லாரும் பாக்குறது. எல்லாமே."

அவளுடைய மணிமணியான கையெழுத்தே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் எதையும் தொடவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் மட்டும் குடித்தான். ஐந்தாம் நாள் பட்டறை வாசலில் மயங்கி விழுந்தான். முதலாளிதான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். "கை நடுங்குன அன்னிக்கே நானாவது வந்து சொல்லியிருக்கணும்மா" என்று அவர் சொன்னபோது, யாரை யார் தேற்றுவது என்று தெரியவில்லை.

மருத்துவர் அக்காவைத் திட்டவில்லை. "பயத்துல நிறையப் பேரு செய்யிறதுதான். ஆனா இந்த வியாதியில நம்பிக்கைதான்மா பாதி வைத்தியம். இனிமே எதுவானாலும் அவருக்குத் தெரிஞ்சுதான் நடக்கணும்" என்றார். பிறகு தம்பியிடமே கேட்டார், என்ன செய்யலாம் என்று. கை நடுங்காத மருந்தாக வேண்டும் என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊசியாவே போடுங்க. என் கண்ணு முன்னாடி பிரிச்சுப் போடுங்க" என்றான்.

இப்போது ஆறு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை ஊசி. தம்பி மருந்தின் பெயரையும் தேதியையும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவான். பட்டறையில் பாதி நாள் வேலை. எண்ணிக்கை தப்புவதில்லை. குரல்கள் சில நாள் வரும். "இன்னிக்குக் கொஞ்சம் சத்தமா இருக்குக்கா" என்று அவனே சொல்வான். "பயமா இருக்காடா?" என்று அவள் கேட்பாள். இல்லை என்பான், அல்லது பக்கத்தில் உட்காரச் சொல்வான்.

சாப்பாடு மட்டும் அவனுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். அக்கா கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அவள் கேட்டதும் இல்லை.

போன மாதம் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். ஆலைக்குப் போகவில்லை. மத்தியானம் தம்பி தன் அடுப்பில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தான். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, கரண்டியால் நன்றாகக் கலக்கி, முதல் வாயை அவள் பார்க்கும்படியாகத் தான் குடித்தான். விழுங்கிவிட்டு, வாயைத் திறந்தும் காட்டினான். பிறகு கிண்ணத்தை நீட்டினான்.

"எனக்குன்னு கொண்டாந்துட்டு நீ ஏன்டா முதல்ல குடிக்கிற?"

"நீ பயப்படக் கூடாதுல்லக்கா."

அவளுக்கு அவனைப் பற்றி எந்தப் பயமும் இருந்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள். அவனோ கிண்ணத்தை நீட்டியபடி, மோட்டார் சத்தம் கேட்பவனைப் போலத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் முழுவதும் குடித்தாள்.