மிளகாய்க்குப் பந்தி வஞ்சனை

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரைக் கல்லூரி ஒன்றில் நான் ஆராய்ச்சி மாணவி. ஆராய்ச்சி என்றதும் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மண்ணில் ஒருவகைப் பூஞ்சை இருக்கிறது. செடியின் வேருக்குள் குடியேறி, வேர் எட்டாத இடத்திலிருந்தும் சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். அதற்குக் கூலியாகச் செடியிடம் கொஞ்சம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். பூஞ்சை என்றாலே நோய் என்று நினைக்கிறவர்களிடம் 'ஐயா, இது நல்ல பூஞ்சை' என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது.

அதை வளர்க்க வேறு கிருமி இல்லாத மண் வேண்டும். கல்லூரியில் மண்ணை வேகவைக்கிற இயந்திரம் ஓடிய நாளைவிடப் படுத்த நாள்தான் அதிகம். அதனால் கோச்சடையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், நெல் அவிக்கிற அண்டாவில் மண்ணை அவித்தேன். "ஊரு உலகத்துல பொம்பளைப் பிள்ளைக நெல்லு அவிக்கும். எம் மக மண்ணு அவிக்கிறா. எவன் வந்து கட்டுவான்?" என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி புலம்புவாள். வேருக்கு ஏற்றுகிற நீலச்சாயம் என் விரல்களிலும் ஏறியிருந்தது. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஏதும் சீக்கா?" என்று கேட்டார்கள். சீக்குதான், போங்கள் என்று சொல்லத் தோன்றியது. மைக்ரோஸ்கோப்பில் குனிந்து குனிந்து எனக்குக் கழுத்தும் போய், பொறுமையும் போயிருந்த சமயம் அது.

தொட்டிச் செடியில் காட்டியதை நிலத்திலும் காட்டினால்தான் பட்டம் என்றார் என் பேராசிரியர். எனக்குக் கொடுத்திருந்த காலம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி கிணற்றடியில் கொஞ்சம் இடம் கொடுத்தார். பாதிப் பாத்திகளில் பூஞ்சை ஏற்றிய மிளகாய் நாற்று, பாதியில் ஏற்றாத நாற்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சோதனையே. அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒன்றுவிடாமல் விளக்கினேன். அந்த அக்கா கூர்மையானவள். நாற்றின் வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்து, "அப்ப மருந்து இந்த மண்ணுலதான் இருக்கு, அப்படித்தான டீச்சர்?" என்று ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள். ஆமாம் என்று நானும் சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

நட்டுச் சில வாரத்திலேயே வித்தியாசம் கண்ணில் அடித்தது. ஒரு பக்கம் கரும்பச்சை, இன்னொரு பக்கம் வெளிறிப்போய்ச் சோகை. வரப்பில் நின்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். அந்த வாரமே மஞ்சள்காமாலை வந்து படுத்தேன். கீழாநெல்லியும் மோருமாகக் கிடந்து எழுந்து, பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால், எல்லாப் பாத்தியும் ஒரே பச்சை. எது எது என்று நட்டுவைத்த குச்சியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"என்னக்கா இது?" என்றேன்.

"நல்ல பாத்தியில இருந்து மண்ணை அள்ளி, நோஞ்சானுக்கெல்லாம் தூருக்கு ஒரு கை வச்சு விட்டேன் டீச்சர். பெறகு பாருங்க, எம்புட்டு வேகமா எந்திரிச்சிருச்சு!"

"ஐயோ, அதுக்குப் போடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா!"

"சொன்னீக. மனசு கேக்கலையே. ஒரே பந்தியில உக்கார வச்சு, ஒருத்தருக்குச் சோறு, ஒருத்தருக்கு வெறும் இலையா? பந்தி வஞ்சனை பண்ணுன வீடு வெளங்குமா டீச்சர்?"

கோபம் வந்தது. ஆனால் என் வீட்டுப் பந்தியில் நானும் அவள் செய்ததைத்தானே செய்திருப்பேன்.

இரண்டு பக்க வேரையும் பிடுங்கிவந்து சாயம் ஏற்றிப் பார்த்தேன். இரண்டிலும் பூஞ்சை நீலமாக நெளிந்தோடியது. நல்ல பூஞ்சை, சொன்ன வேலையைச் சொன்னதற்கு மேலேயே செய்திருந்தது.

பேராசிரியர் கெட்டவரில்லை. நெற்றியைத் தேய்த்தபடி சொன்னார். "ரெண்டு பக்கமும் வித்தியாசம் இல்ல, பூஞ்சையால பலன் இல்லன்னு எழுதிரும்மா. அதுவும் ஒரு முடிவுதான். பட்டம் கிடைச்சுரும்."

"பலன் இருக்கே சார்."

"இருக்கு. காட்ட முடியாதே."

இரண்டு நாள் பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்த்தேன். இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. பட்டத்தை விட்டுவிட்டு, பள்ளிக்கூடம் திறந்தபோது ஒரு மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கச் சேர்ந்துவிட்டேன்.

முதல் சனிக்கிழமை கொட்டாம்பட்டிக்குப் போனேன், சோதனை நின்றுபோனதைச் சொல்லாமல் விடுவது மரியாதையில்லை என்று. அக்கா களத்தில் மிளகாய்ப் பழம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என் புதுச் சேலையையும் கைப்பையையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"வேலை கெடச்சிருச்சா டீச்சர்?"

"கெடச்சிருச்சுக்கா. பள்ளிக்கூடத்துல."

அவள் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "ஏங்க, இங்க வாங்க! டீச்சர் பாஸாயி வேலைக்குப் போயிருச்சு! அன்னைக்கி நான் மட்டும் மண்ணள்ளிப் போடலன்னா பாதிச் செடி செத்து, இந்தப் பிள்ளை பேரு கெட்டுப்போயிருக்கும்ல?" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசந்தான டீச்சர்?" என்றாள்.

"நெசந்தான்க்கா," என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேலூர் வரைக்கும் அழுதேன்.