சிவப்புப் பேனாவில் பெப்ரவரி மூன்று

என் மகளின் நிச்சயதார்த்தத் தட்டைக் கவிழ்க்கப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான், மற்றது என் சட்டைப் பையில் இருக்கும் சிவப்புப் பேனா. பேனாவை மன்னித்துவிடலாம், அதற்கு மூளை இல்லை. எனக்கு இருக்கிறது என்று சொல்லி ஐம்பத்தெட்டு வருஷமாக ஊரை ஏமாற்றி வருகிறேன்.

பதுளையில் சவுண்ட் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். கோயில் திருவிழா, கல்யாணம், கருமாதி எதுவானாலும் ஸ்பீக்கர் பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு நமுனுகுல வரைக்கும் தேயிலைத் தோட்டந்தோட்டமாகப் போவேன். ஊருக்குப் போடுவது சாமி பாட்டும் சினிமாப் பாட்டும். எனக்கென்று காதில் மாட்டிக்கொள்வது வெள்ளைக்காரர்களின் கிட்டார் கூச்சல். பாதி வரி புரியாது. புரிந்திருந்தால் எப்போதோ விட்டிருப்பேன் என்பது என் மனைவியின் கட்சி.

கேட்பதோடு நின்றிருக்கலாம். இன்றைய தேதியில் ராக், பாப் உலகில் என்னென்ன நடந்தது என்று போனில் பட்டியல் பட்டியலாகக் கிடைக்கிறது. யார் பிறந்தார், யார் செத்தார், எந்தக் கோஷ்டி உடைந்தது, எந்த இசைத்தட்டு முதலிடம் பிடித்தது, எல்லாம் இருக்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்தது. வருஷம் பிறந்ததும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினக் கலண்டரை இறக்கி மடியில் வைத்துக்கொள்வேன். நல்ல நேரத்துக்கும் இராகு காலத்துக்கும் நடுவே இருக்கிற வெள்ளை இடத்தில், ஒவ்வொரு தாளிலும் அந்தந்தத் தேதியின் சங்கதிகளைச் சிவப்புப் பேனாவால் எழுதிவிடுவேன். மரணங்கள் கொட்டை எழுத்தில். பிறப்புகள், இடம் மிஞ்சினால்.

எழுதியதைத் தினமும் யாரிடமாவது சொல்லாவிட்டால் சோறு இறங்காது. ஒருமுறை ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மைக்கைச் சரிபார்க்கும்போது, “ஒன்று, இரண்டு, மூன்று, இன்றைக்கு லண்டனில் ஒரு பெரிய டிரம் வாத்தியக்காரருக்குப் பிறந்தநாள்” என்று சொல்லிவிட்டேன். மலை முழுக்கக் கேட்டது. பூசாரி வெளியே வந்து, “அவரு நம்ம தோட்டத்துல எந்த டிவிசன்? தலைக்கட்டு வரி குடுத்துட்டாரா?” என்று கேட்டார்.

இதெல்லாம் தெரிந்துதான் மகள் என்னிடம் முன்கூட்டியே சத்தியம் வாங்கினாள். அவள் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளையும் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஊர் ஸ்பிரிங்வெளி. இரண்டு பேரும் மூன்று வருஷமாகப் பேசிப் பழகி, இரண்டு வீட்டையும் மெல்ல மெல்லச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். நிச்சயதார்த்தம் பெப்ரவரி மூன்றாம் தேதி. மறுநாள் சுதந்திர தின லீவு என்பதால் எல்லோருக்கும் வசதி.

“அப்பா, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் வெள்ளைக்காரன் கதை பேசக்கூடாது.”

“பேச மாட்டேன்.”

“செத்தவங்க கதை?”

“வாயே திறக்க மாட்டேன், போதுமா?”

நான் வாக்கு மாறாதவன். கடைசிவரை நானாக வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா, நாற்பது வருஷம் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். விறைப்பான மனிதர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்து வேலைக்கு அனுப்பிய அந்தக் குரல் இன்னும் இறங்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. தட்டு மாற்றுவதற்கு முன் வீட்டுப் பெரியவர் எழுந்து, அன்றைய கலண்டர் தாளை மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் கேட்கும்படி படிப்பார். திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ஒன்றும் விடக்கூடாது. நாளே சாட்சிக்கு நிற்கிறது என்று அதற்கு அர்த்தமாம். இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு உறைத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

வேனில் பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். பாய் விரித்து, பூ, பழம், வெற்றிலை எல்லாம் பரப்பியாகிவிட்டது. பெரியவர் எழுந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராகக் கலண்டரிடம் போனார். அப்போதுதான் அந்தத் தாளில் நான் என்ன எழுதியிருந்தேன் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

தேதியைப் படித்தார், திதியைப் படித்தார், நல்ல நேரத்தைப் படித்தார். அடுத்து, அதே பெரட்டுக் குரலில்:

“ஆயிரத்துத் தொளாயிரத்து அம்பத்தொம்பது. அமெரிக்காவில் பனியில் சிறு விமானம் விழுந்து மூன்று பாடகர்கள் மரணம். ஓட்டியவரும் மரணம்.”

அவர் நிறுத்தவில்லை. தாளை முழுக்கப் படிப்பது வழக்கம் ஆயிற்றே.

“ஒருவர் இருக்கைக்காகக் காசு சுண்டி ஜெயித்து ஏறியவர். அறுபத்தேழாம் வருஷம். லண்டனில் பாட்டுப் பதிவு செய்யும் ஒருவர் துப்பாக்கியால்...” இங்கே அவராகவே நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “இது யாரு எழுதினது?”

கையெழுத்து என்னுடையது. சட்டைப் பையில் சிவப்புப் பேனா எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திருடன் கன்னக்கோலோடு நின்று முழிப்பது போல முழித்தேன்.

“நான்தாங்க. சும்மா ஒரு ஆசைக்கு.”

“சாவு மேல ஆசையா?”

“பாட்டு மேலங்க.”

“சரி, காசு சுண்டி ஜெயிச்சவரா செத்தாரு?”

“ஆமாங்க.”

“தோத்தவரு?”

“அவரு அப்புறம் ரொம்ப வருஷம் நல்லா இருந்தாருங்க.” கேட்டதற்குப் பதில் சொல்வது வாய் திறப்பதில் சேராது என்பது என் கணக்கு. அடுத்தது யாரும் கேட்காதது. “பஸ்ஸுல குளிர் தாங்காமத்தான் விமானம் பிடிச்சாங்க.”

“ஆளுக்கொரு கம்பளி எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா, உண்மையான வருத்தத்தோடு. அறுபது வருஷத்துக்கு மேலாக உலகம் பாடி அழுகிற ஒரு விபத்துக்கு இவ்வளவு சுலபமான தீர்வை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் என் மனைவி ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைத்தாள். எனக்கான சமிக்ஞை அது. நிலைமையைச் சரிசெய்ய வேண்டும். தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த நல்ல செய்தி ஞாபகம் வந்தது.

“இதே தேதியில நல்லதும் நடந்திருக்குங்க. ஒரே வருஷம், ஒரே நாளு, ஒரு பையனும் ஒரு பொண்ணும் பொறந்தாங்க. ரெண்டு பேரும் பின்னாடி பேர் வாங்கினவங்க.”

பெரியவர் முகம் கொஞ்சம் இளகியது. “அப்படியா. ரெண்டு பேரும் கட்டிக்கிட்டாங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பதுளையில் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் இந்த விஷயங்களில் மட்டும் எனக்குப் பொய் வராது. வருமான விஷயத்தில் வரும்.

“இல்லைங்க. அவரு இங்கிலாந்து, இவங்க அமெரிக்கா. நேர்ல பார்த்துக்கிட்டாங்களான்னுகூடத் தெரியல.”

பெரியவர் பாயில் உட்கார்ந்தார். இப்போது குரல் தணிந்திருந்தது. “மூத்தவனுக்கு நாளு கிழமை பார்க்காம செஞ்சோம். ஆறு மாசத்துல ரெண்டும் ரெண்டு பக்கம் போயிருச்சு. இவனுக்கும் அப்படி ஆகக் கூடாது. இந்தத் தை மாசத்துக்குள்ள வேற நாளா பார்ப்போம்.”

மாப்பிள்ளை தலையைக் குனிந்து தன் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார், கணக்கு வாத்தியார் ஆயிற்றே. உள்ளறையில் என் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக அவள் பார்த்துப் பார்த்து அடுக்கியதை நான் ஒரு பேனா முனையால் இடித்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் மறுபடி எழுந்து தாள்களைப் புரட்டத் தொடங்கினார். நான்காம் தேதி: பாடகி ஒருவர், சின்ன வயது, இருதயம் நின்று மரணம். உதட்டைப் பிதுக்கினார். ஒன்பதாம் தேதி: ராக் இசையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் மரணம். பதினொன்று: பெரும் பாடகி குளியல் தொட்டியில் மரணம். ஒவ்வொரு தாளிலும் சிவப்பாக ஒரு பிணம் கிடந்தது. எந்தத் தாளையும் நான் சும்மா விட்டிருக்கவில்லை. அதற்கு மேல் போனால் தை முடிந்து மாசி பிறந்துவிடும். வேலையில் இவ்வளவு ஒழுங்கை நான் வேறு எதிலும் காட்டியதில்லை என்பதை நினைக்க எனக்கே எரிச்சலாக வந்தது.

“என்னங்க இது,” என்றார் அவர், களைத்துப்போய். “உங்க வீட்டு வருசத்துல நல்ல நாளே இல்லையா?”

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. கூப்பிடும்வரை பெண் வெளியே வரக்கூடாது என்பது முறை. பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. கூடத்தைக் குறுக்கே கடந்து வாசலில் இறங்கிப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன், பின்னாலேயே ஓடவும் எழுந்தேன். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்தாள். கையில் பக்கத்து வீட்டு அம்மாவின் கலண்டர். எங்கள் கலண்டரை ஆணியிலிருந்து கழற்றி என் கையில் திணித்துவிட்டு, அதை மாட்டினாள்.

“இப்ப படிங்க மாமா.”

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மூன்றாம் தேதி. அதே திதி, அதே நட்சத்திரம், அதே நல்ல நேரம். நடுவில் வெள்ளை இடம், வெள்ளையாகவே.

“இது அதே நாளுதானேம்மா?”

“அதே நாளுதான் மாமா. இதுல யாரும் சாகல.”

கலண்டரை மாற்றினால் விழுந்த விமானம் எழுந்து பறந்துவிடுமா என்று கேட்க என் நாக்கு துடித்தது. என் காலை யாரோ பலமாக மிதித்தார்கள். மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

பெரியவர் என் மகளையும் பார்த்தார், தன் மகனையும் பார்த்தார். மாப்பிள்ளை இப்போது விரல்களை விட்டுவிட்டு நிமிர்ந்திருந்தார். கலண்டர் மாறினால் நாள் மாறாது என்பது கிழவருக்கும் தெரிந்துதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை, நிறுத்தாமல் படித்து முடித்தார். தட்டு மாறியது.

அந்தக் கலண்டர் எங்கள் சுவரிலேயே தங்கிவிட்டது. என்னுடையதைப் பக்கத்து வீட்டு அம்மா எடுத்துக்கொண்டார். காலையில் மதிலுக்கு மேல் தலை நீட்டி, “இன்னைக்கு உங்காளு ஒருத்தரு போயிட்டாருங்களே,” என்று துக்கம் விசாரிக்கிறார். என் பேனாவை மனைவி எங்கே வைத்தாளோ, கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.

போன வாரம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், கல்யாணத்துக்கு வைகாசியில் நாள் குறித்தாகிவிட்டது என்று தேதியைச் சொன்னாள். கேட்டவுடனேயே எனக்குள் பட்டியல் ஓடத் தொடங்கிவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன்.

“அந்தத் தேதியிலயா? அது என்ன நாளுன்னு தெரியுமா உனக்கு?”

“என் கல்யாண நாளு.”