ஐஸ் அறைக்குள் போன குமிழிகள்

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு என் மனைவி எங்கள் ஃப்ரிட்ஜின் ஐஸ் அறைக் கதவைச் சாத்தினாள். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சின்னக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. காபிக்கு நேரமாயிற்றா என்று கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நினைவில் நிற்பதற்கு அதுதான் காரணம்.

பம்பாயில், எங்கள் மாட்டுங்காவில் அன்று காலையிலிருந்தே மழை. வீட்டுக்குள் பகல் ஒரு மாதிரி சாம்பல் நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது. மதியம் என் மகள் கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நனைந்துகொண்டே வந்தாள். குடையைத் தனக்குப் பிடிக்காமல் கையிலிருந்த தெர்மாஸ் ஃப்ளாஸ்குக்குப் பிடித்திருந்தாள். ஆராய்ச்சிக்கூடத்தில் மின்சாரம் போய்விட்டது, திங்கட்கிழமைக்கு முன்னால் வராது என்கிறார்கள், இது குளிரிலேயே இருக்க வேண்டும் என்றாள். ஃப்ளாஸ்கைத் திறந்து ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். உள்ளே செக்கச்சிவந்த, பால் கலந்தது போன்ற திரவம்.

அந்தச் சிவப்பை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்தபோது, அதுதான் குழாய் வழியாக அவள் கைக்குள் இறங்கியது. வார்டு ஆயாக்கள் அதை லால் பானி, சிவப்புத் தண்ணீர் என்பார்கள். முதல் நாள் அவளுக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போய், பயந்து வெளியே நின்ற என்னைக் கூப்பிட்டாள். பிறகு முடி போயிற்று. வாய் புண்ணாயிற்று. கட்டி கரைந்தது என்றார் டாக்டர். மருந்தால் இதயம் கொஞ்சம் அசந்திருக்கிறது என்றும் அதே மூச்சில் சொன்னார். இன்றைக்கும் எங்கள் இரண்டு மாடி ஏறுவதற்குள் அவள் நடுவில் நின்று, யாரோ கூப்பிட்டது போல ஜன்னல் பக்கம் பார்ப்பாள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். நானும் கூட நின்று ஜன்னலைப் பார்ப்பேன்.

மருந்துக்குப் போகவேண்டிய இடம் தெரியாது, உடம்பெல்லாம் சுற்றும் என்று மகள் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தாள். மருந்தியல் படித்தவள். ஆராய்ச்சிக்குப் போனபோது இதையே எடுத்துக்கொண்டாள். மருந்தைக் கொழுப்பாலான குமிழிகளுக்குள் அடைத்து அனுப்புவது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்கூடத் தெரியாத குமிழிகள். இதயத்தில் மருந்தை அவ்வளவாகச் சிந்தாமல் கடந்துபோகும். கட்டிக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் ஒழுங்காக வளராமல் ஓட்டையும் விரிசலுமாக இருப்பதால், அதன் வழியே நுழைந்து அங்கே தங்கும். வெளிநாட்டில் இதை முயன்றுகொண்டிருக்கிறார்களாம்.

செய்யும் விதத்தை ஒருநாள் சாப்பிடும்போது எனக்குச் சொன்னாள். கொழுப்பைக் கரைத்து உருண்டைக் குடுவையில் விட்டுச் சுழற்றினால், கரைத்த திரவம் ஆவியாகிப் போய், குடுவையின் உள்சுவரில் பாலாடை மாதிரி ஒரு படலம் நிற்கும். பிறகு மருந்து கலந்த தண்ணீரை விட்டு ஆட்டினால் அந்தப் படலம் உரிந்து, சுருண்டு, தண்ணீரை உள்ளே பிடித்துக்கொண்டு மூடிக்கொள்ளும்.

"யாரும் மூடவேண்டாம்ப்பா. தானே மூடிக்கும்," என்றாள்.

அதற்குப் பிறகு ஆபீசுக்கு ரயிலில் தொங்கிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் படலம் சுருளுவது கண்ணில் வரும். தாதர் வந்ததும் தெரியாது, பைகுல்லா போனதும் தெரியாது. இன்ஷூரன்ஸ் ஃபைல்களுக்கு நடுவே, என் மனைவியின் ரத்தத்தில் ஆயிரக்கணக்கான சிறு குமிழிகள் ஒன்றையொன்று இடிக்காமல் மிதந்து போவதாகக் கனவு கண்டுகொண்டிருப்பேன். அவளுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது, இது அவளுக்கு வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியாமலில்லை.

ஆனால் குமிழிகள் ஒழுகின. ஒவ்வொரு தடவையும் இரண்டொரு நாளில் மருந்து வெளியே வந்துவிடும். மகள் இளைத்துப் போனாள். இந்தத் தடவையும் நிற்கவில்லையென்றால் விட்டுவிட்டு ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடுகிறேன் என்று எங்களிடம் சொல்லியிருந்தாள். அன்று கொண்டுவந்த குப்பியில் இருந்தது முதன்முதலாக ஒழுகாமல் நின்ற குமிழிகள். திங்கட்கிழமை செம்பூர் எலிக்கூடத்தில், உடம்பில் கட்டி வளரவிட்ட எலிகளுக்கு அதை ஊசி போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. என் மனைவிக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் கெஞ்சி வாங்கிய மருந்து அதோடு தீர்ந்துவிட்டது.

மனைவி குப்பியைத் தொடாமல் பார்த்தாள்.

"இதுல என்னடி இருக்கு?"

"மருந்து. அப்பறம் முட்டை மஞ்சக்கருலேர்ந்து எடுத்த கொழுப்பு."

எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்ததில்லை. சிகிச்சையின்போது தெம்புக்காகத் தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொன்னார் டாக்டர். மகள் கண்ணீர் விட்டுக் கேட்டும் அவள் மாட்டேன் என்றவள். இப்போது ஃப்ரிட்ஜையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, வை என்றாள்.

"அது தயிர்கிட்ட ஒண்ணும் பேச்சு குடுக்காதும்மா, பயப்படாதே," என்று சொல்லி நடுத்தட்டில் தயிருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, உடை மாற்றிக்கொண்டு மகள் செம்பூருக்குக் கிளம்பினாள். எலிகளை எடைபோட்டு அடையாளம் வைக்க வேண்டும், இரவு தோழி வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்றாள். குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று வாசலிலிருந்து ஒருதடவை சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சாதம் தொட்ட கையால் தயிரைத் தொடாத வீடு இது. அந்த ஆசாரத்துக்குப் பத்து என்று பேர்; பத்து என்றால் பத்து. அவள் நோயில் கிடந்தபோதுகூட அதில் ஒன்றும் தளரவில்லை. பாலும் தயிரும் இருக்கும் தட்டில் முட்டை உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டே அவள் ஒரு மணி நேரம் சமையலறையில் நடந்திருக்கிறாள். வேறு யாராவது கொண்டுவந்ததாக இருந்தால் வெளியே வைத்திருப்பாள். இது மகளுடையது. யோசித்து, குப்பியைச் சுத்தமான துணியில் சுற்றி, ஐஸ் அறைக்குள் வைத்தாள்.

காபி கொடுக்கும்போது என்னிடம் சொன்னாள். மேலே தனி ரூம் மாதிரி இருக்கிறது, அதற்கென்று தனிக் கதவு, வேறு பண்டம் எதுவுமில்லை, குளிரும் அங்கேதான் ஜாஸ்தி என்று. அவளுக்கும் நிம்மதி, மகளுக்கும் நல்லது. சிகிச்சைக்குப் பிறகு அவ்வளவு தெளிவான முகத்தை நான் பார்த்திருக்கவில்லை.

ஞாயிறு காலை கீழ்வீட்டு குஜராத்திக்காரர் டெலிபோன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார். மகள்தான். மழை இரைச்சலுக்கு நடுவே குரல் தொலைவிலிருந்து வந்தது.

"அப்பா, நேத்திக்குச் சொல்ல மறந்துட்டேன். அது உறையக் கூடாது. தயிர் பக்கத்துலயே இருக்கட்டும்."

"உறைஞ்சா என்ன ஆகும்?"

"உள்ள இருக்கற தண்ணி ஊசி ஊசியா ஐஸாகும். குமிழியெல்லாம் குத்திண்டு உடையும். ஏன் கேக்கறேள்?"

பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. குஜராத்திக்காரர் ரிசீவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக் கையை விரித்தார்.

மாடிப்படியில் இந்தத் தடவை நான்தான் நடுவில் நின்று ஜன்னலைப் பார்த்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் போய் ஐஸ் அறைக் கதவைத் திறந்தாள். குப்பியை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். முட்டை என்பது அவளுக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை. சிவப்புக் கட்டியாக இருந்தது. அதன் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மழை வெளிச்சத்தில் அது மெதுவாக ஓரத்திலிருந்து இளகியது. ஆஸ்பத்திரியில் இப்படித்தான் சொட்டுச் சொட்டாக இறங்கும் சிவப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த அறையும் இந்த அறையும் ஒன்றாகிக்கொண்டே வந்தன. நடுவில் நான் தூங்கினேனா, விழித்தேனா, தெரியாது. கண் திறந்தபோது அவள் குப்பிமேல் கை வைத்திருந்தாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.

"சேர்ந்துக்காதோ? தானே மூடிக்கும்னு சொன்னாளே," என்றாள்.



முழுதும் கரைந்தபோது அது பழைய திரவமாக இல்லை. அடியில் வெள்ளை வெள்ளையாகத் திரிதிரியாக ஏதோ படிந்து, மேலே தெளிந்த சிவப்பு நின்றது.

"நான் தள்ளி வச்சேன். அதான்," என்றாள். மகள் ஆராய்ச்சியை விட்டுவிடப்போகிறாள் என்ற நினைப்பு எங்கள் இருவருக்கும் நடுவில், மேஜைமேல், அந்தக் குப்பியோடு உட்கார்ந்திருந்தது. அவள் விடவேண்டும் என்று நானே சில நாள் ஆசைப்பட்டிருக்கிறேன், அந்தச் சிவப்பை அவள் கை தொடவே கூடாது என்று. அன்று மட்டும் அந்த ஆசை எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

ரயில் நின்றுவிட்டதாகக் கீழே பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் வாசலில் செருப்பு உதறும் சத்தம் கேட்டது. மகள், பாதி தூரம் பஸ்ஸிலும், வடாலாவிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தும் வந்து சேர்ந்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கி, மெல்லச் சாய்த்துப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"போயிடுத்து," என்றாள். "எல்லாம் வெளில வந்துடுத்து."

என் மனைவி எழுந்து நின்று, நான்தான் வைத்தேன் என்றாள். இனிமேல் நீ விட்டுவிடுவாயா என்றும் கேட்டாள்.

மகள் குப்பியை மேஜைமேல் வைத்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"ஒழுகினாத்தான் விடறேன்னு சொன்னேன். இது ஒழுகலை, உடைஞ்சிருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னும் கொஞ்சம் மருந்து கேக்கறேன். நீயும் கூட வா. உன்னைப் பார்த்தா டாக்டர் இல்லேன்னு சொல்லமாட்டார்."